பக்கத்து மேசையும் அழைப்புப் பணியும்

தஃவா பற்றி நமது சூழலில் எழுதப்பட்டவையும் பேசப்பட்டவையும் ஏராளம். குத்பா மேடை, பகிரங்க விவாதம், துண்டுப்பிரசுரம், ஒலிநாடா, தொலைக்காட்சி என்று அதன் களங்கள் விரிவாகவே ஆராயப்பட்டுள்ளன. ஆனால் நம்மில் பெரும்பாலானோர் பிற சமயத்தவரோடு அதிக நேரத்தைக் கழிக்கும் இடம் இவற்றுள் எதுவுமில்லை. காலை எட்டரை மணி முதல் மாலை நாலேகால் வரை ஒரே மின்விசிறியின் கீழ், ஒரே கோப்பு அலுமாரியைப் பங்கிட்டுக்கொண்டு, ஒரே தேநீர்க் கணக்கில் காசு போட்டுக்கொண்டு இருக்கின்ற கந்தோர்தான் அந்த இடம். அங்கே பக்கத்து மேசையில் இருப்பவர் ஒரு பௌத்தர். அல்லது ஓர் இந்து. அல்லது ஒரு கத்தோலிக்கர். அவரிடம் என் மார்க்கத்தைப் பற்றி நான் பேசலாமா? பேசாதிருப்பது குற்றமா? பேசுவதாயின் எப்போது, எந்த உரிமையில்? மூன்று தசாப்தங்களுக்கு மேல் அரச கந்தோர்களில் இருந்தவன் என்ற வகையில் இவ்வினா எனக்கு ஏட்டுச் சுரைக்காயல்ல.

இதற்கு இரண்டு ஆயத்த விடைகள் உண்டு. முதலாவது, சமயம் தனிப்பட்ட விடயம், அதை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்பது. நவீனத்துவம் பேசும் நண்பர்கள் இதனை விரும்புகிறார்கள். கேட்பதற்கு நாகரிகமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நடைமுறையில் இது எங்கும் இல்லை. நமது கந்தோர்கள் பலவற்றின் வாசலிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் புத்தர் சிலை இருக்கிறது. காலையில் யாரோ ஒருவர் பூ வைக்கிறார். ஒருவரின் மணிக்கட்டில் பிரித் நூல். இன்னொருவரின் நெற்றியில் திருநீறு. சாம்பல் புதனன்று கத்தோலிக்கச் சகோதரி நெற்றிச் சாம்பலோடு வருகிறார். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகு என் கதிரை வெறுமையாகிறது. றமழானில் என் தேநீர்க் கோப்பை கவிழ்ந்தே கிடக்கிறது. எவரும் வாய் திறக்கு முன்பே எல்லாச் சமயங்களும் வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட்டு உள்ளே வந்துவிடுகின்றன.

இரண்டாவது விடை, ஒவ்வொரு கணமும் அழைப்புக்கான சந்தர்ப்பம், மௌனம் பாவம் என்பது. மறுமையில் அந்தப் பக்கத்து மேசைக்காரர் நம் சட்டையைப் பிடித்து, ‘இவன் என்னோடு இருபது வருடம் இருந்தான், ஒரு வார்த்தை சொல்லவில்லை’ என்று முறையிடுவார் என்று பயான்களில் சொல்லக் கேட்டிருக்கிறோம். முற்போக்கு நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிக்க முடிவதில்லை. ஒரு நம்பிக்கையை உண்மை என்று மெய்யாகவே ஏற்றுக்கொண்ட ஒருவனுக்கு, தான் நேசிக்கும் மனிதர் அதை அறியாமலே போய்விடுவாரோ என்ற கவலை வருவது இயல்பு. அந்தக் கவலையே இல்லாதவனின் நம்பிக்கையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இந்தக் கவலையை விளக்கப் பேச்சாளர்கள் கையாளும் உவமையொன்று உண்டு. தீப்பிடித்த வீட்டில் அயலவன் உறங்கினால் கதவைத் தட்ட வேண்டாமா? உவமை வலுவானது; ஆனால் ஒரு விடயத்தை மறைக்கிறது. எழுப்பப்பட்டவன் கண் திறந்ததும் தீயைத் தானே பார்த்துக்கொள்வான். நான் சொல்லும் தீயோ எனக்கு என் ஈமானின் வெளிச்சத்தில் தெரிவது. அதே வேளை, என் கிறிஸ்தவ நண்பருக்கு என் வீடு எரிவதாகத் தெரிகிறது. அவரும் அதே கவலையோடு, அதே அன்போடு என் கதவைத் தட்டுகிறார். எனக்கு ஆகுமென்று நான் வகுத்துக்கொள்ளும் விதி அவருக்கும் ஆகும். இதை மறந்துவிட்டு இவ்விடயத்தைச் சிந்திக்க முடியாது.

அப்படித் தட்டிய ஒருவரை நான் அறிவேன். ஒரு சபையைச் சேர்ந்தவர். வேலையில் மிக நேர்மையானவர். என் கோப்புகளுக்கிடையில் சிறு பிரசுரங்களை வைத்துவிடுவார். அதை நான் பொருட்படுத்தவில்லை. என் உம்மா சுகவீனமுற்று ஆஸ்பத்திரியில் இருந்தபோது தோடம்பழங்களோடு பார்க்க வந்தார். கட்டிலருகே நின்று சுகம் விசாரித்துவிட்டு, தன் சபையில் இப்படிப்பட்ட நோய்கள் குணமான கதைகளைச் சொல்லத் தொடங்கினார். உம்மா மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று எனக்குள் எழுந்த கேள்வி கோபத்தினால் வந்ததல்ல. இவர் நோயாளியைப் பார்க்க வந்தாரா, ஓர் ஆத்மாவைச் சம்பாதிக்க வந்தாரா? அவருக்கே அது தெரிந்திருக்காது. அந்தத் தோடம்பழங்கள் எதற்காக வந்தவை என்ற ஐயம் மட்டும் எனக்கு எஞ்சியது.

இதை அவர்கள் மீது மட்டும் சுமத்திவிட்டுப் போக முடியாது. பிற சமயத்தவரோடு நற்பண்போடு நடவுங்கள், அதனால் அவர்கள் இஸ்லாத்தின்பால் கவரப்படுவார்கள் என்று நமது வழிகாட்டிப் பிரசுரங்களும் சொல்கின்றன. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் கவர்வதற்காகச் செய்யப்படும் நற்பண்பு தூண்டிலில் கோத்த புழுவாகிவிடுகிறது. அயலவரின் உரிமையைப் பேணுமாறு மார்க்கம் என்னைப் பணித்தது அவர் மதம் மாறுவார் என்ற எதிர்பார்ப்பின் பேரிலல்ல. அவர் இறுதி வரை மாறாவிட்டாலும் அந்த உரிமை அவருக்குரியதே.

சமயத்தை வாதமாக நம் வேலைத்தலங்களுக்குக் கொண்டுவந்த வரலாறும் நினைவுகொள்ளத்தக்கது. 1936ஆம் ஆண்டளவில் தென்னாபிரிக்காவின் நேட்டால் பகுதியில், அடம்ஸ் மிஷன் என்ற கிறிஸ்தவ நிறுவனத்துக்கு அருகேயிருந்த ஒரு கடையில் இளைஞரொருவர் வேலை செய்தார். மிஷனில் பயின்றவர்கள் கடைக்கு வந்து, அங்கிருந்த முஸ்லிம் ஊழியர்களிடம் அவர்களது மார்க்கத்தைப் பற்றிக் குத்தலான வினாக்களைத் தொடுப்பார்கள். கடையை விட்டு எழுந்து போகவும் முடியாது, பதில் சொல்லவும் தெரியாது. அந்த இளைஞரின் கையில் ‘இஸ்ஹாருல் ஹக்’ என்ற பழைய நூல் கிடைத்தது. 1854இல் ஆக்ராவில் பாதிரியார் ஃபாண்டரோடு விவாதம் நடத்திய மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவியின் நூல் அது. அதைக் கற்றுத் தேறிய கடை ஊழியர்தான் பிற்காலத்தில் உலகறிந்த விவாதியான அஹ்மத் தீதாத்.

அவரது உரைகள் ஒளிநாடாக்களாக நமது ஊர்களில் கைமாறிய காலம் பலருக்கும் நினைவிருக்கும். அவை தந்த தன்னம்பிக்கையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1873இல் பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் வெஸ்லியன் பாதிரியார் டேவிட் டி சில்வாவோடு நடத்திய வாதம் சிங்கள பௌத்தர்களுக்குத் தந்ததும் அதுபோன்றதே. ஆட்சியும் பாடசாலையும் உத்தியோகமும் பாதிரிமார் பக்கம் இருந்த காலத்தில் தாழ்த்தப்பட்டவர்கள் நிமிர்வதற்கு வாதம் ஒரு கருவியாயிற்று. ஆனால் அது நிமிர்வதற்கான கருவி. பக்கத்து மேசைக்காரரோடு வாழ்வதற்கான மொழியல்ல. கடை ஊழியராக இருந்து குத்தலை அனுபவித்த ஒருவரின் தற்காப்பை எடுத்து, மதிய போசன வேளையில் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருக்கும் சக ஊழியர் மீது நம் இளைஞர் சிலர் பிரயோகித்தபோது, நேட்டால் கடைக்கு வந்த அந்த மாணவர்களின் இடத்துக்கே அவர்கள் போய்விட்டார்கள்.

இங்கேதான் கந்தோருக்கு மட்டுமேயுரிய ஒரு சிக்கல் இருப்பதாக எனக்குப் படுகிறது. மைதானத்தில் நடக்கும் பயானைக் கேட்க விரும்பாதவர் வீடு போகலாம். தொலைக்காட்சியை அணைக்கலாம். கந்தோரில் இருப்பவரை அவரது கதிரையோடு கட்டி வைத்திருப்பது அவரது சம்பளம். பேசுபவர் சக லிகிதரானால் முகத்தைச் சுளித்தாவது தப்பலாம். பேசுபவர் பிரதம லிகிதரானால்? லீவுக் கடதாசியில் ஒப்பமிடுபவரானால்? வருடாந்தச் சம்பள ஏற்றத்துக்கும் இடமாற்றத்துக்கும் பரிந்துரை எழுதுபவரானால்? அவர் எவ்வளவு மென்மையாகப் பேசினாலும் கேட்பவரின் தலையசைப்பு சுதந்திரமானதல்ல.

நமது நாட்டின் சட்டமும் இவ்வினாவைத் தொட்டிருக்கிறது, வேறு நோக்கத்தோடு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் மேற்கொள்ளவும் சுதந்திரம் தருகிறது. 14ஆவது உறுப்புரை மதத்தை வழிபாட்டிலும் அனுசரிப்பிலும் சாதனையிலும் போதனையிலும் வெளிக்காட்டும் உரிமையைத் தருகிறது. ஆனால் மென்ஸிங்கன் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் தொடர்பில் 2003இல் உயர் நீதிமன்றம், மதத்தைப் பரப்புவதை அரசியலமைப்பு ஓர் அடிப்படை உரிமையாக அங்கீகரிக்கவில்லை என்று தீர்மானித்தது. இதில் உரிமை மீறல் நிகழ்ந்துள்ளதென 2005இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு கண்டது. இதற்கிடையே 2004இல் ஜாதிக ஹெல உறுமய பலவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலமொன்றைக் கொண்டு வந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என நீதிமன்றம் கண்டது. இந்திய அரசியலமைப்பில் ‘பரப்புதல்’ என்ற சொல் வெளிப்படையாகவே இருக்கிறது. அங்கும் 1977இல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது மற்றவரை மாற்றும் உரிமையல்ல என்றது.

சிறுபான்மைச் சமயங்களின் வாயை மட்டும் குறிவைக்கும் சட்டங்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவை பேசுபவன் என்ன மதம் என்று பார்க்கின்றன. அறமோ அவன் எந்தக் கதிரையில் அமர்ந்து பேசுகிறான் என்று பார்க்க வேண்டும். அதிகாரம் உள்ள கதிரையிலிருந்து வரும் எந்த அழைப்பும், அது எந்த மதத்தினதாயினும், அழைப்பு என்ற தன்மையை இழந்துவிடுகிறது. கந்தோர் முழுவதும் பங்குகொள்ள வேண்டுமென எதிர்பார்க்கப்படும் பிரித் வைபவத்துக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். ஒரு முஸ்லிம் முதலாளி தன் கடையில் வேலை செய்யும் தமிழ்ப் பையனுக்குச் செய்யும் உபதேசத்துக்கும் பொருந்தும்.

இந்த அளவுகோலை நான் வெளியிலிருந்து இரவல் வாங்கவில்லை. மக்காவில் கப்பாப் இப்னுல் அரத் (ரழி) ஒரு கொல்லர். ஆஸ் இப்னு வாஇல் என்பவருக்கு வேலை செய்து கொடுத்துவிட்டு, வர வேண்டிய கடனைக் கேட்டுப் போனார். முஹம்மதை மறுத்தாலொழியத் தர மாட்டேன் என்றார் ஆஸ். நீ இறந்து மீண்டும் எழுப்பப்பட்டாலும் மறுக்க மாட்டேன் என்ற கருத்துப்பட கப்பாப் பதில் சொன்னார். இந்நிகழ்வை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது. சூறா மர்யமில் இதைச் சுட்டிய வசனங்களும் உண்டு. நாம் இதை ஈமானின் உறுதிக்கு உதாரணமாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். தொழில் உறவு பற்றிய பாடமும் அதில் இருக்கிறது. ஒருவன் உழைத்த கூலிக்கும் அவனது நம்பிக்கைக்கும் முடிச்சுப் போடுவது ஆஸ் இப்னு வாஇலின் வழிமுறை.

இதற்கு நேரெதிரான காட்சி ஹிஜ்ரத்தில் வருகிறது. நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரழி) அவர்களும் மக்காவை விட்டு வெளியேறத் தீர்மானித்தபோது பாலைவனப் பாதை அறிந்த ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் குறைஷிக் காஃபிர்களின் மதத்திலேயே இருந்தவர் என்று ஹதீஸ் தெளிவாகச் சொல்கிறது. அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்று ஸீறா நூல்கள் அவரது பெயரைத் தருகின்றன. இரண்டு ஒட்டகங்களையும் அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகள் கழித்து தௌர் குகைக்கு வருமாறு சொன்னார்கள். தலைக்கு 100 ஒட்டகங்கள் என்று குறைஷியர் விலை வைத்திருந்த வேளை அது. அவர் சொன்னபடி வந்தார். ஈமான் கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அந்த ஒப்பந்தத்தில் இல்லை. உயிரை ஒப்படைக்கும் அளவுக்கு அவரது தொழில் நேர்மை போதுமானதாயிருந்தது.

அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. நபிகளாரை ஏற்காத மக்கா மக்கள் அவரிடம் பாதுகாப்புக்காகக் கொடுத்து வைத்திருந்த பொருட்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலி (ரழி) அவர்கள் மக்காவில் தங்க வைக்கப்பட்டார்கள். அவரது செய்தியை மறுத்தவர்கள் தம் உடைமைகளை அவரிடமே விட்டிருந்தார்கள். பக்கத்து மேசைக்காரரும் என்னிடம் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான். லீவில் போகும்போது என்னிடம் விட்டுச் செல்லும் கோப்பு, அவர் கைமாற்றாகத் தந்த பணம், என் காதில் போட்ட குடும்பக் கவலை. இவற்றைக் காப்பாற்றாதவன் பேசும் மார்க்கத்தை அவர் எதற்காகக் கேட்க வேண்டும்?

அப்படியானால் வாய் திறக்கவே கூடாதா? அதுவும் சரியல்ல. அபிசீனியாவில் நஜ்ஜாஷி மன்னரின் அவையில் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) பேசியதை எண்ணிப் பார்க்கிறேன். அகதிகளைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு குறைஷித் தூதுவர்கள் கேட்டு நின்றார்கள். மன்னர் இவர்கள் பக்கத்தையும் கேட்க விரும்பினார். ஜஃபர் தாம் முன்னர் எவ்வாறு வாழ்ந்தோம் என்பதிலிருந்து தொடங்கினார். பலமுள்ளவர் பலவீனரை விழுங்கிய கதையைச் சொன்னார். உண்மை பேசவும் அமானிதம் பேணவும் அயலவரை மதிக்கவும் கற்றுக்கொண்டதைச் சொன்னார். மறுநாள் ஈஸா நபி பற்றிய சிக்கலான வினா எழுந்தது. அங்கே கிறிஸ்தவ மன்னருக்குப் பிடிக்காமல் போகலாம் என்றஞ்சி அவர் எதையும் மறைக்கவில்லை. கேட்கப்பட்டது, மறைக்காமல் சொன்னார். மன்னரை மாறச் சொல்லி அவர் கேட்கவில்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு இந்தக் காட்சிக்கு எனக்கு வேறொரு பொருள் வந்தது. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் அதிகமானோர் கொல்லப்பட்ட அந்நாளுக்குப் பின் நமது கந்தோர்களில் இரு வகை வினாக்கள் எழுந்தன. ஒன்று, விளங்கிக்கொள்ள விரும்பியவரின் வினா. மற்றையது, விடை எதுவாயினும் தீர்ப்பை முன்னரே எழுதி வைத்துவிட்டவரின் விசாரணை. அந்த மே மாத இறுதியில் அரச பெண் ஊழியர்கள் சாரி அல்லது ஒசரி அணிய வேண்டுமெனச் சுற்றறிக்கை வந்தது. ஆட்சேபங்களின் பின் அது மாற்றப்பட்டது. அந்த நாட்களில் நம்மில் பலர் மௌனமானோம். அச்சத்தால் வந்த மௌனத்தை மற்றவர் மீதான மரியாதை என்று பெயர் சூட்டி அழைக்கும் ஆபத்தும் உண்டு. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உண்மையான வினா வந்தபோது நான் என்ன செய்தேன் என்பதில்தான் வேறுபாடு தெரியும்.

அவ்வாறான வினாவொன்று 2020இல் வந்தது. கொவிட் தொற்றினால் இறந்தோரை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டிருந்தது; 2021 பெப்ரவரி வரை அந்நிலை நீடித்தது. எங்கள் பிரிவில் என்னிலும் இளைய ஒரு சிங்கள உத்தியோகத்தர், எல்லோரும் போன பிறகு என் மேசைக்கு வந்து மெதுவாகக் கேட்டார். “நானா, உயிர் போன பிறகு எரிச்சாலும் புதைச்சாலும் என்ன? ஏன் உங்கட ஆக்கள் இவ்வளவு வேதனைப்படுறீங்க?” குளிப்பாட்டல், கஃபனிடல், தொழுகை, அடக்கம் ஆகிய நான்கும் இறந்தவருக்கு உயிரோடிருப்பவர்கள் செலுத்த வேண்டிய கடன் என்று சொன்னேன். ஊரில் ஒருவரும் செய்யாவிட்டால் ஊர் முழுவதுமே குற்றவாளி என்றேன். “மல்லி, இது மையித்துக்குத் தீ சுடும் என்ட கவலை இல்ல. எங்கட கையால செய்ய வேண்டிய கடைசிக் கடமைய எங்கட கையிலிருந்து பறிச்சிட்டாங்க.” அவர் நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு தன் தந்தையின் மரணச் சடங்கில் பிக்குமாருக்கு வெள்ளைத் துணி வழங்கியதையும், கிண்ணம் நிரம்பி வழிய நீர் ஊற்றி இறந்தவருக்குப் புண்ணியம் சேர்த்ததையும் சொன்னார். அதைத் தன் கையால் செய்ய விடாமல் தடுத்திருந்தால் எப்படியிருக்கும் என்று யோசிக்கிறேன் என்றார். அன்று அவர் என் மார்க்கத்தை ஏற்கவில்லை. என் துயரத்தை ஏற்றுக்கொண்டார்.

பகிர்தல் என்ற சொல்லின் பொருளை நான் அவரிடமிருந்தே கற்றுக்கொண்டேன் எனலாம். ஒரு றமழானில், தனியே இருக்கும்போது ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் யாருக்குத் தெரியும் என்று அவர் கேட்டார். நோன்பு எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலானது, ஒவ்வோர் இரவும் நானே நிய்யத் வைக்கிறேன் என்றேன். போயா தினத்தில் தான் சில் எடுப்பதும் அப்படியே என்றார் அவர். நண்பகலுக்குப் பின் உணவில்லை. எவரும் கட்டளையிடவில்லை; ‘சமாதியாமி’, நானே மேற்கொள்கிறேன், என்று தன் வாயால் சொல்லியே தொடங்க வேண்டும். எங்கள் இருவருக்குமிடையில் படைத்தவன் பற்றிய நம்பிக்கையிலேயே ஆழமான வேறுபாடு உண்டு. அதை எந்த இப்தாரும் தன்சலும் கரைத்துவிடாது, கரைக்கவும் வேண்டியதில்லை. ஆயினும் பழக்கத்தால் உதடு மட்டும் முணுமுணுத்து வந்த என் நிய்யத், அவரது விளக்கத்தைக் கேட்ட பிறகு கனம் கொண்டது. கொடுக்க மட்டுமே தெரிந்து வாங்கத் தெரியாதவன் செய்வது பகிர்தலாகாது.

ஆகவே என் நிலைப்பாட்டை மூன்று வினாக்களாகச் சுருக்கிக்கொள்கிறேன். நான் பேசுவதைக் கேட்க விரும்பாவிட்டால், எந்த நட்டமுமின்றி அவரால் எழுந்து போக முடியுமா? இதே பேச்சை அவர் தன் மார்க்கத்தைப் பற்றி என்னிடம் பேசினால் நான் அமைதியாகக் கேட்பேனா? அவர் சாகும் வரை மாறவே மாட்டார் என்று எனக்கு இன்றே தெரிந்துவிட்டால், நாளையும் அவருக்கு இதே நண்பனாக இருப்பேனா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால் பேசலாம். அந்தப் பேச்சில் ஈமானை மறைக்க வேண்டியதுமில்லை, விற்க வேண்டியதுமில்லை.

மறுமையில் அவர் என் சட்டையைப் பிடிப்பார் என்ற அச்சம் இன்னும் எஞ்சியிருக்கிறது. அதை நான் உதறிவிடவில்லை. ஆனால் நபிகளாருக்கே நினைவூட்டும் பணிதான் தரப்பட்டது, மக்கள் மீது அதிகாரம் தரப்படவில்லை என்பதும், தாம் நேசித்தவருக்குக்கூட ஹிதாயத்தை அவரால் கொடுக்க முடியாது என்பதும் அல்குர்ஆன் சொல்லும் செய்திகள். அபூதாலிபின் மரணப் படுக்கையை அறிந்தவர்களுக்கு இதன் வலி புரியும். அந்த வலியோடும் அபூதாலிப் மீதான அன்பு குறையவில்லை.

அப்துல்லாஹ் இப்னு உரைகித் பிற்காலத்தில் இஸ்லாத்தைத் தழுவினாரா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. அவர் வழியைக் காட்டினார், காட்டிக்கொடுக்கவில்லை என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. மதீனாவுக்கான பாதையில் அந்த நம்பிக்கையாளர்களும் அவரும் ஒருவரையொருவர் நம்பி நடந்தார்கள். நமது கந்தோர்களில் முதலில் மீட்க வேண்டியது அந்த நம்பிக்கையை என்றே நான் கருதுகிறேன்.